இருபத்தேழாம் நம்பர்

"சொத்தையெல்லாம் தனியா எடுத்து வையுங்க. ஒண்ணு விடக்கூடாது. கூடக் கெடந்தா நல்லதும் சேந்து அழுகிப்போயிரும்."

பெரம்பலூர் வெங்காய மண்டியில் முப்பது வருஷம் இதே பேச்சைப் பேசிப் பழகிய வாய் பழனிவேலுடையது. ஆனால் இப்போது அவர் முன்னால் இருந்தது வெங்காய மூட்டை இல்லை. குரும்பலூர் ரோட்டில் அவர் கட்டி நடத்துகிற பள்ளிக்கூடத்தின் பத்தாம் வகுப்பு மார்க் ரெஜிஸ்டர்.

தினமும் காலை எட்டேகாலுக்கு, வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும்போதே தாளாளர் கார் உள்ளே வந்துவிடும். இன்றைக்கு வந்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பாசிரியை மரிய புஷ்பம் வந்ததும் வராததுமாக ரெஜிஸ்டரோடு உட்கார வைத்துவிட்டார்.

திட்டம் சுலபம். காலாண்டுத் தேர்வில் கணக்கில் ஐம்பதும் அதற்கு மேலும் வாங்கியதுகள் ஏ செக்ஷன். அதுகளுக்கு நல்ல ரூம், நல்ல வாத்தியார்கள். மற்றதெல்லாம் டி செக்ஷன். பின்பக்கம் ஒரு காலத்தில் அவர் வெங்காயம் போட்டு வைத்திருந்த தகரக் கொட்டகையில் பெஞ்சு போட்டாயிற்று. லேப் கிடையாது, டீச்சர் ஒருத்தர் போதும், பாஸ் மார்க்குக்கு ஒரு கைடு போதும்.

"ஏ-க்கு அடுத்தது பி தானே சார்?" என்று கேட்டார் மரிய புஷ்பம்.

"பி-னு வெச்சா அதுங்களுக்கு நப்பாசை வந்துரும். டி-னே இருக்கட்டும்."

பழனிவேல் படித்தது எட்டாவது வரைக்கும். அதையும் இரண்டு தடவை படித்தார். அதனால் என்ன, பள்ளிக்கூடம் அவருடையது.

"இன்னொண்ணு டீச்சர். பேரு சொல்லாதீங்க, நம்பரை மட்டும் சொல்லுங்க. மண்டியில மூட்டைக்கு நம்பர்தான். பேரு சொன்னா இவன் இந்த ஊரு, அவ இன்னாரு மவள்னு மனசு எறங்கிரும்."

மரிய புஷ்பம் படிக்க ஆரம்பித்தார். "நாலாம் நம்பர், முப்பத்தொரு மார்க்குங்க."

"சொத்தை."

"பதினொண்ணாம் நம்பர், இருபத்தாறுங்க."

"இது சுத்த அழுகல். போடுங்க கொட்டகையில."

பழனிவேல் தன் கையாலேயே நம்பர்களைத் தாளில் எழுதிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றையும் எழுதும்போது உதட்டைச் சுழித்தார். இருபத்தேழில் மரிய புஷ்பம் விரலை ஊன்றிக்கொண்டார்.

"இருபத்தேழாம் நம்பர், நாப்பத்தெட்டுங்க சார்."

"கொட்டகை. அடுத்தது?"

"ரெண்டே மார்க்குதான் சார் கொறையுது. பொறுமையா சொன்னா புரிஞ்சுக்கற புள்ள சார். வேனெல்லாம் வர்றதுக்கு அரைமணி முன்னாடியே வந்து உக்காந்து கணக்குப் போட்டுப் பாக்குது. கொட்டகைக்கு அனுப்புனா மனசு ஒடிஞ்சிருங்க. அதோட படிப்பே போச்சு. அது யாருன்னா…"

"பேரு வேணாம்னேன்ல!" மேஜையில் ஓங்கித் தட்டினார். "சீக்கிரம் வந்தா மூளை வளந்துருமா? அந்த வூட்டுல எல்லாருக்கும் மண்டையில களிமண்ணுதான் இருக்கும். பரம்பரை மக்கு! அதுக்குப் போயி நீங்க வக்காலத்து வாங்கறீங்களா? பாக்கியராஜ் கதை மறந்து போச்சா?"

மரிய புஷ்பம் அடுத்த நம்பருக்குப் போனார். பாக்கியராஜ் போன வருஷம் வரை இங்கே கணக்கு வாத்தியார். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குப் பிராக்ரஸ் கார்டில் நாற்பத்தொன்று போட்டுவிட்டார் என்று அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பினார் பழனிவேல். தரம் பார்க்கத் தெரியாதவனெல்லாம் ஒரு வாத்தியாரா என்று ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று கத்தினார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவரை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

மொத்தம் பதினாலு நம்பர் தேறியது. கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, போட்டோ எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். 'நாளை முதல் இவர்கள் டி செக்ஷன். யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் மாற்றம் கிடையாது' என்று கீழே ஒரு வரியும் சேர்த்தார்.

"இப்பப் பாருங்க டீச்சர், சிபாரிசு வரும்."

இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை, போன் அடித்தது. அவருடைய மகள் அனுசுயா.

"பாத்தீங்களா? எம் பொண்ணே எவளுக்கோ சிபாரிசுக்கு வர்றா. நீங்களும் கேளுங்க, நான் என்ன பதில் சொல்றேன்னு." ஸ்பீக்கரைப் போட்டார்.

"அப்பா, லிஸ்ட்ல இருபத்தேழுன்னு எழுதியிருக்கீங்களே, அது நம்ம கீதாஞ்சலி நம்பருப்பா! புள்ள ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க்கு போன்ல பாத்துட்டு அழுவுது, அங்கேருந்தே எனக்குப் போன் பண்ணுச்சு!"

பழனிவேலுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அட போம்மா. எம் பேத்தி காலாண்டுல கணக்குல தொண்ணூத்தாறு. கார்டுல கையெழுத்துப் போட்டவனே நாந்தான். நம்பரை மாத்திச் சொல்லிட்டாங்க போல."

போனை வைத்துவிட்டு மரிய புஷ்பத்தை முறைத்தார். "என்னா டீச்சர், எங்க வூட்டுப் புள்ள தொண்ணூத்தாறு வாங்கலையா?"

மரிய புஷ்பம் ரெஜிஸ்டரை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். இருபத்தேழுக்கு நேராகக் கீதாஞ்சலி என்று இருந்தது. பக்கத்தில் நாற்பத்தெட்டு.

"அன்னிக்கு பாக்கியராஜ் சார் போட்ட நாப்பத்தொண்ணு அவளுக்குத்தானுங்களே. கார்டுல இருக்கற தொண்ணூத்தாறு உங்களுக்குப் போட்டதுங்க சார்."