லைசென்ஸ் இல்லாத வாய்

"ஏம்மா, அந்த வீடு இவ்வளவு பெறும்னு நீங்க சொன்னீங்களா, இல்லையா?"

விசாரணை அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எதிரே நின்ற வீட்டுத் தரகர் அக்காவுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"சொன்னேன் சார். புருஷன் போனவ, வீட்டை விக்கணும்னு வந்து நின்னா. இதோ உக்காந்திருக்காரே, இவரு போட்டுக் குடுத்த விலையச் சொன்னா. எனக்கு வயிறு எரிஞ்சுது. 'அடிப் பைத்தியமே, இதுக்கு ரெண்டு மடங்கு பெறும், அவசரப்படாத'ன்னேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா!" பக்கத்து நாற்காலியிலிருந்து மதிப்பீட்டாளர் துள்ளி எழுந்தார். புகார் கொடுத்தவரே அவர்தான். "சார், நான் பரீட்சை எழுதி, பயிற்சி முடிச்சு, லைசென்ஸ் வாங்கினவன். இந்தம்மாவோட லைசென்ஸ் வீட்டைக் காட்டத்தான். மதிப்பு சொல்ல இல்ல. ஆளாளுக்கு விலை சொன்னா அப்புறம் நாங்க எதுக்கு?"

"அதையேதான் நானும் கேக்கறேன், நீங்க எதுக்கு?" என்றாள் அக்கா. "உள்ள காலே வைக்காம, கார்ல உக்காந்தபடியே தெருவுலேருந்து பாத்துட்டு விலை போட்டீங்களே. அதுக்கும் பரீட்சை வச்சாங்களா?"

மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த குமாஸ்தாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. சிரிப்பை வேறு எப்படி மறைப்பது?

அதிகாரி மேஜையைத் தட்டினார். "அவர் எப்படிப் போட்டார்ங்கறது இந்த விசாரணையில வராது. நீங்க சொன்னது சரியா தப்பாங்கறதும் வராது. சொல்ல உங்களுக்கு அதிகாரம் உண்டா? அதான் கேள்வி."

"வீடு பத்தி எரியுதுன்னு கத்தறதுக்கும் லைசென்ஸ் வேணுமா சார்?"

"ஆறு மாசம் நீங்க தரகு பார்க்கக் கூடாது."

அக்கா மேஜைக்கு அருகே வந்தாள். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

"ஆறு மாசம் என் பிள்ளைங்களுக்கு எதைப் போடறது சார்?"

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? லைசென்ஸ் வாங்கினவர் சொல்றதைத்தான் ஊர் நம்பணும். இல்லன்னா எவன் வேணா என்ன வேணா சொல்வான்."

மதிப்பீட்டாளர் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஏதோ கோட்டையைப் பிடித்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி வெளியே போனார்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடையைத் தாண்டும்போது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். அதிகாரி! இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவளைச் சுவரோரம் கூப்பிட்டார்.

"அக்கா, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. என் மாமனார் வீட்டை விக்கலாம்னு இருக்கோம். ஒருத்தரை வச்சு விலை போட்டோம், மனசுக்கு ஒப்பல. நீங்க ஒரு எட்டு வந்து பாத்து, உத்தேசமா ஒரு விலை சொல்லுங்களேன்."

"யாரு சார் போட்டது?"

அதிகாரி குரலை இன்னும் தாழ்த்தினார்.

"இப்ப வெளிய போனாரே... அவருதான்."