வலது காது

“பாங்கு காதுல வுழாம பால் குடுக்க மாட்டேன் சிஸ்டர்.”

சொல்லிவிட்டுச் சாபிரா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அது கத்துகிற கத்தலில் பிரசவ வார்டின் ஜன்னல் கம்பிகூட அதிர்ந்தது. நர்ஸ் ஹில்டாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. காலையில் அலாரம் கடிகாரம் காலை வாரிவிட்டதில் ட்யூட்டிக்குத் தாமதம், அதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டது போதாதென்று இது வேறு.

விடுவிடுவென்று வராந்தாவுக்கு வந்தாள்.

குழந்தையின் தகப்பன் ஜக்கரியா தூணோரமாக நின்றான். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டி தள்ளுகிற வேலை. வெடித்துப்போன கைகள். கைலி விளிம்பில் இன்னும் ஈரம்.

“இன்னாய்யா, உன் புள்ள காதுல நீ பாங்கு சொல்றதுக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைக்கணுமா? அது பசில கத்துது!”

அவன் நிமிரவில்லை. முதலில் காற்றுதான் வந்தது. குரல் பின்னால் வந்தது.

“மொதப் புள்ளைக்கும் நான்தான் சொன்னேன் சிஸ்டர். என் கொரலு வுழுந்த காது... ஒரு மணி நேரத்துல அடங்கிப் போச்சு.”

ஹில்டாவுக்குத் தெரியும். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் சாபிரா அதைச் சொல்லியிருந்தாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், வேறொரு ஆஸ்பத்திரியில். வலது காதில் தொழுகை அழைப்பான பாங்கு, இடது காதில் தொழுகை தொடங்குவதைச் சொல்லும் இகாமத். முறைப்படி சொல்லி முடித்துக் கையில் வைத்திருந்தபோதே குழந்தையின் மூச்சு நின்றுவிட்டது. எடுத்துக்கொண்டது தன் குரல்தான் என்று அன்றைக்கு அவன் மனசில் விழுந்த முடிச்சு. அதற்கப்புறம் வீட்டில் வாய் திறப்பதே அரிது.

“தெருமுனை பாய் கடைல யாரையாச்சும் கூட்டியாறேன் சிஸ்டர்.”

“ஒரு பாயும் வாணாம்!” வார்டுக்குள்ளிருந்து சாபிராவின் குரல் பாய்ந்தது.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக மதிய பாங்கு வந்தது. யாரோ பெரியவர். வரிக்கு வரி மூச்சு வாங்கினார். ஜக்கரியா கண்களை இறுக்க மூடிக்கொண்டான்.

ஹில்டா அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

சாபிரா திரும்பினாள்.

“மூசா நபியோட அம்மாவாண்ட அல்லாஹ் இன்னா சொன்னான்? புள்ளய ஆத்துல வுடு, பயப்படாத, துக்கப்படாதன்னான். அந்தப் பொம்பள வுட்டா. நான் உன்ன ஆத்துலயா வுடச் சொல்றேன்? காதுல சொல்லுன்னுதான சொல்றேன்!”

பெருக்கிக்கொண்டிருந்த பவுனம்மாள் சிரித்துவிட்டாள்.

ஹில்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பைபிளில் வரும் மோசே கதை அவளுக்கும் தெரியும். நாணல் பெட்டி தெரியும், ஆறு தெரியும். பெற்றவளுக்கென்று அப்படி இரண்டு வார்த்தை சொல்லப்பட்டது தெரியாது.

பயப்படாதே. துக்கப்படாதே.

ஜக்கரியாவுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும், எத்தனையோ தரம் ஓதிய வசனம் இன்றைக்குத்தான் தன் விலாசத்துக்கு வந்து சேர்ந்த மாதிரி நின்றான்.

பிறகு குழாயடிக்குப் போனான். கை, முகம், கால் கழுவிக்கொண்டு வந்தான். குழந்தையை வாங்கினான். கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்பினான்.

முதல் ‘அல்லாஹு அக்பர்’ உடைந்தது.

இரண்டாவது நடுங்கியது.

மூன்றாவதில் குழந்தை அழுகையை நிறுத்தியது.

மெல்லிய குரல்தான். ஒரு காதுக்குப் போதுமான குரல். ஆனால் இழுத்து, இறக்கி, ஒரு சொல்லின் விளிம்பில் நின்று, அடுத்ததைத் தொடுகிற அந்த வாகு!

ஹில்டாவின் கையிலிருந்த ட்ரே சாய்ந்தது. பவுனம்மாளின் துடைப்பம் நின்றது.

ஒன்பது வருஷம் கேட்ட குரல் அது. விடியற்காலையில், காசிமேட்டில் அவள் வீட்டுக் கூரைக்கு மேலே, பள்ளிவாசல் ஸ்பீக்கரிலிருந்து. அதைக் கேட்டுத்தான் எழுந்திருப்பாள், குளிப்பாள், முதல் பஸ் பிடிப்பாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அது நின்றுபோனது; அப்புறம் வந்த குரலுக்கு அவளுக்கு விழிப்பு வரவில்லை. பாங்கு சொல்கிற மோதினார் செத்துவிட்டார் போலிருக்கிறது என்று, முகம் தெரியாத அந்த மனுஷனுக்காக மாதா கோயிலில் ஒரு மெழுகுவத்திகூட ஏற்றிவைத்தாள்.

அதற்கப்புறம்தான் அலாரம் கடிகாரம் வாங்கினாள்.

இடது காதில் இகாமத்தும் முடிந்தது. ஜக்கரியா குழந்தையின் மார்பில் காதை வைத்துப் பார்க்கவில்லை. மூக்கருகே விரலைக் கொண்டுபோகவில்லை. அப்படியே தாயின் மடியில் கொடுத்தான்.

“சாயங்காலம் அசர் பாங்கு சொல்லப் பள்ளிவாசலுக்குப் போறேன்.”

“மைக்குல தூசி தட்டிட்டுச் சொல்லு,” என்றாள் சாபிரா, ரவிக்கைக் கொக்கியைக் கழற்றிக்கொண்டே.

அன்றைக்கு ட்யூட்டி முடிந்து வீட்டுக்குப் போனதும் ஹில்டா, அலாரம் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி டிரான்சிஸ்டரில் போட்டாள்.