பம்பளிமாஸ் கிளை

வாசல் நிலையில் செருகியிருந்த பம்பளிமாஸ் கிளையை மாமியார் பெங்லான் உருவி எடுத்ததை, உள்ளறைக் கட்டிலிலிருந்து லுவா பார்த்துவிட்டாள். கிளை நேரே அடுப்புக்குள் போயிற்று. பச்சை இலை பொரியும் சத்தமும் கசப்பு மணமும் அறைவரை வந்தன. பதினெட்டு நாள் பெண்குழந்தை ஒன்றும் அறியாமல் பால் குடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே பிள்ளை பெற்றவள் இருக்கிறாள் என்பதற்கு அந்தக் கிளைதான் அடையாளம். அதைப் பார்த்தால் மாதம் முடியும்வரை வெளியார் எவரும் வாசல் தாண்டமாட்டார்கள். எல்லை ஆற்றின் இந்தக் கரையில் இருக்கும் ஜுவாங் சனங்களுக்கும் அதுதான் வழக்கம், லுவா பிறந்த வியட்நாம் கரையிலும் அதுதான்.

"அத்தை, அதை ஏன் எடுத்தீங்க? இன்னைக்கு அந்த ஆள் வர்றாராமே?"

"வரட்டும். ஒரு குச்சி எத்தனை நாளைக்குக் காவல் நிக்கும்?" பெங்லான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஆள் அலுவலர் மோ. அனுமதித் தாள் இல்லாமல் அக்கரையிலிருந்து வாழ வந்த பெண்களின் பட்டியலோடு முந்தாநாள் வந்து இறங்கியவர். நேற்றுக் கீழ்த்தெருவில் ஒருத்தியை அக்கரைக்கே படகேற்றிவிட்டார். அவளுடைய கைக்குழந்தை தகப்பன் வீட்டோடு நின்றுவிட்டது. சாயங்காலம் முழுக்க அது அழுதது லுவாவுக்குக் கேட்டது.

கிளை இருந்தால் இன்னும் பன்னிரண்டு நாள் கிடைத்திருக்கும். அதற்குள் கரும்பு லாரியோடு போன கணவன் திரும்பிவிடுவான். அந்த நாட்களை எண்ணியே அவள் கிடந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே துணி அலசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சியூ குரல் கொடுத்தாள். "என்னக்கா, வாசல் மொட்டையா கெடக்கு? எங்க நாத்தனார் வீட்டுல இப்படித்தான் கிளை காத்துல பறந்துபோச்சு. பன்றி விலை பேச வந்தவன் தெரியாம உள்ளே நுழைஞ்சுட்டான். இன்னைக்கும் பண்டிகைக்குப் பண்டிகை அந்தப் புள்ளைக்குச் சட்டை தூக்கிட்டு வர்றான், பாவம்!"

"உன் வாய்க்குத்தாண்டி ஒரு கிளை செருகணும்," என்றாள் பெங்லான். "அலசினது போதும். அந்த மோகிட்ட போய்ச் சொல்லு, முதல்ல எங்க வீட்டுக்கு வரட்டும். புள்ளை இருக்குன்னு மட்டும் மூச்சு விடாதே."

தன்னை அனுப்பிவிடத்தான் அவரைக் கூப்பிடுகிறாள் என்று லுவாவுக்குப் பட்டது. இந்த இரண்டு வருடத்தில் மாமியார் அவளை ஒருமுறையும் கடிந்ததில்லை, ஒருமுறையும் தொட்டதுமில்லை. இஞ்சியும் முட்டையும் போட்ட கஞ்சியைத் தினமும் அறை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். அந்த மௌனத்தை அன்பு என்று எடுத்துக்கொள்ள லுவா எவ்வளவு பாடுபட்டிருக்கிறாள்! இப்போது வெறுப்பு வரும் என்று காத்திருந்தாள். வெட்கம்தான் வந்தது, கொடுக்காத வீட்டின் முன்னால் கையேந்தி நின்றுவிட்டதைப் போல.

பெங்லான் முதன்முறையாக அறைக்குள் வந்து கையை நீட்டினாள். "புள்ளையக் குடு."

"மாட்டேன்."

"குடுன்னா குடு. அவர் வரும்போது இது அழக் கூடாது. நீயும் சத்தம் காட்டாதே. காட்டினா எல்லாம் கெட்டுச்சு."

குழந்தையின் வாயை மெல்ல விடுவித்து, போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு போனாள். விடுபட்ட மார்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டே இருந்தது. லுவா எழுந்து கதவிடுக்கில் போய் நின்றாள்.

வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. "பெரியம்மா, இருக்கீங்களா?"

மோ உடனே உள்ளே வரவில்லை. அவரும் ஜுவாங்தான், ஆற்றின் மேற்கே ஒரு கிராமம். நிலையை மேலும் கீழும் பார்த்தார். கால் வைப்பதற்கு முன் பார்ப்பது அவர் ஊரிலும் பழக்கம்தான்.

"அதான் பார்த்தாச்சுல்ல தம்பி? உள்ளே வாங்க." கூடத்து மூலை இருட்டில் பெங்லான் முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

அவர் காலை எடுத்து உள்ளே வைத்தார். பட்டியலை விரித்தார். "லுவாங்கிற பொண்ணு இங்கேதானே இருக்கு? படகு காத்திருக்கு. துணிமணியை எடுத்துக்கச் சொல்லுங்க."

"உள்ளேதான் இருக்கா," என்றாள் பெங்லான்.

லுவா நிலையைப் பற்றிக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரே வார்த்தையில் முடிந்துவிட்டது.

பெங்லான் நிதானமாக மோவைக் கடந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். பிறகு போர்வையை விலக்கி, குழந்தையை அவர் கையில் வைத்தாள். பட்டியல் தரையில் விழுந்தது.

மோ குழந்தையையே பார்த்தார். "பெரியம்மா, இது... எத்தனை நாள் ஆச்சு?"

"பதினெட்டு. மாசம் முடியறதுக்கு முன்னாடி வாசல் தாண்டின முதல் ஆள் நீங்கதான். நம்ம வழக்கப்படி இனி இவளுக்கு நீங்களும் ஒரு அப்பன்."

"கிளை இல்லையே! நான் பார்த்துட்டுத்தானே வந்தேன்!"

"இல்லைதான். அந்த அப்பன் கொண்டுவர வேண்டிய சேவலைக்கூட நானே கட்டி வச்சிருக்கேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு."

"நான் உத்தியோகமா வந்தவன், பெரியம்மா. விளையாடாதீங்க." ஆனால் கைகள் தாமாகவே குழந்தையின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தன.

பெங்லான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"முதல்ல உங்க மகளுக்குப் பேர் வைங்க, அப்புறம் அவ அம்மாவைப் படகேத்தலாம்."