கழுவி வைத்த டம்ளர்

ஐந்து மணிக்குள் ஒரு பெண் தன் கணவனைக் கொன்றுவிட்டு மாட்டாமல் தப்பிக்க வேண்டும். என் மாமியார் விடமாட்டேன் என்கிறார்.

மணி மூன்றே முக்கால். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு நான். எதிரே பூண்டு உரித்துக்கொண்டு அவர்.

நான் டிவிக்குக் கொலைத் தொடர் எழுதுகிறவள். வாரம் ஒரு கொலை. இது முந்நூறாவது. இதுவும் சுமாராக வந்தால் தொடரை இழுத்து மூடிவிடுவதாகச் சேனலில் சொல்லிவிட்டார்கள். என்னுடைய ஆறு வருஷ உழைப்பு ஒரே ஒரு காட்சியில் வந்து நிற்கிறது.

டைரக்டர் காலையிலிருந்து நான்கு முறை போன் செய்துவிட்டார். நல்ல எபிசோடு என்றால், பார்த்து முடித்ததும் ஜனங்கள் எழுந்து போய் வாசல் கதவைப் பூட்டினோமா என்று பார்ப்பார்களாம். அபாரமான எபிசோடு என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரைத் திரும்பிப் பார்ப்பார்களாம். தனக்கு அந்த இரண்டாவதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். சொல்கிறவருக்கு என்ன, வாயா வலிக்கிறது?

கதை இதுதான். கையை நீட்டி அடிக்கும் கணவன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி. படுக்கும் முன் அவன் குடிக்கிற பாலில் எதையோ கலந்துவிடுகிறாள். காலையில் போலீஸ் வருகிறது. டம்ளர் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆதாரம் இல்லை. தப்பித்துவிடுகிறாள்.

இதை மாமியாருக்கு வாசித்துக் காட்டியது என் புத்திகெட்டதனம்.

அடிக்கிற கணவனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளர் விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டார். இவள் மாட்டிக்கொள்வாள் என்றார், பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எப்போதும் இதே தொல்லை. விஷம் குடித்தவன் இவ்வளவு வசனம் பேச மாட்டான் என்பார். பிணத்தைப் பார்த்தவள் உடனே கத்த மாட்டாள், முதலில் போய் அடுப்பை அணைப்பாள் என்பார். இன்ஸ்பெக்டர் அழுகையைப் பார்க்க மாட்டான், அழுது முடித்தவள் எங்கே பார்க்கிறாள் என்றுதான் பார்ப்பான் என்பார். என்னவோ போலீஸ் வேலையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர் மாதிரி. மாமனார் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தபோது என் கணவருக்கு மூன்று வயது. அதற்குப் பிறகு இவர் பார்த்த வெளியுலகமே மகனின் பள்ளிக்கூடமும் காய்கறிக் கடையும்தான்.

மற்ற வீடுகளில் மருமகளின் சமையலில் குறை கண்டுபிடிப்பார்கள். எனக்கு வாய்த்தவர் கொலையில் கண்டுபிடிக்கிறார்.

சமையலறையிலும் நிம்மதி கிடையாது. எல்லோருக்கும் ஒரு காப்பி என்றால் இவருக்கு மட்டும் தனியாகக் கடுங்காப்பி. பால் வாசனையே ஆகாது. நான் இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷமாகத் தனிப் பாத்திரம், தனி வடிகட்டி. அந்தக் காப்பியையும் இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்குவார். இடது மணிக்கட்டு உடைந்து, கோணலாகச் சேர்ந்திருக்கிறது. கல்யாணமான புதிதில் மாடிப்படியில் விழுந்துவிட்டாராம்.

நான்கு அடித்து ஐந்து நிமிஷம். போன் மறுபடி அலறியது. எடுக்கவில்லை.

டம்ளரை உடைத்துப் போட்டுவிட்டால்? வேண்டாம் என்று தலையாட்டினார்.

தூர எறிந்துவிட்டால்? ஆறு டம்ளர் வாங்கிய வீட்டில் ஐந்துதான் இருந்தால், வருகிற முதல் போலீஸ்காரனே எண்ணிப் பார்ப்பான் என்றார்.

லேப்டாப்பை அவர் பக்கம் ஒரே தள்ளாகத் தள்ளினேன். பூண்டுத் தோல் மேஜையெல்லாம் பறந்தது.

"அப்ப நீங்களே கொல்லுங்க அத்தை! என் உயிரை எடுக்காதீங்க!"

பதினோரு வருஷத்தில் நான் அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிதறிய தோலை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"கழுவுன டம்ளரைத்தாம்மா மொதல்ல பாப்பாங்க. கழுவிட்டு, அதுலயே திரும்ப நல்ல பாலை ஊத்தி, பாதியை நாமளே குடிச்சிட்டு, மீதியைக் கட்டில் பக்கத்துல அப்படியே வச்சிடணும். விடியறதுக்குள்ள ஆடை கட்டி எறும்பு ஏறியிருக்கும், ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான். அந்தப் பாதியைக் குடிக்கிறதுதான் கஷ்டம்."

லேப்டாப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். விரல்கள் தானாக ஓடின. தேடித் தேடிப் பார்த்தும் ஓட்டை இல்லை. ஆறு வருஷத்தில் இப்படி ஒரு காட்சி எனக்கு அமைந்ததில்லை. குடிக்கும்போது அவள் கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துக் காட்டியதும், நடுங்காது என்று மட்டும் சொன்னார். மாற்றினேன்.

நாலரைக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் டைரக்டர் கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது. படித்து முடித்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தாராம். தொடர் பிழைத்துவிட்டது என்றார். அந்த அரை டம்ளர் பால் எப்படித் தோன்றியது, ஏதாவது பழைய கேஸில் படித்தீர்களா, யாராவது சொன்னார்களா என்று கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

மாமியார் கடுங்காப்பியின் கடைசி வாயை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

நியாயமாக எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுந்து போய் அந்தக் கோணல் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

டைரக்டர் இன்னும் காத்திருந்தார்.

யாரும் சொல்லவில்லை சார், எல்லாம் என் கற்பனைதான் என்றேன்.