விரலடியில் ஒரு புள்ளி

கடலில் உள்ள படகுகளைப் புள்ளிகளாகக் காட்டும் திரையில் ஒரே நெரிசல் என்று அதிகாரிகள் முகம் சுளித்ததால், தொடர்பு அறுந்த படகின் புள்ளியும் பெயரும் தானாக மங்கி மறையும்படி மாற்றிக் கொடுத்தவன் அருள்வாசன்தான். புயலன்று துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்குள் ஓடிவந்த பெர்னத்தம்மாள், அந்தப் பெரிய திரையில் அவன் காட்டிய புள்ளியின் மேல் விரலை வைத்தாள். “இதுதானா தம்பி எங்க வீட்டுக்காரரு?” “ஆமாக்கா, அவரோட போட்டுதான்.” அவள் விரலை எடுக்கவில்லை. பிடித்து வைத்திருந்தால் அலை கொண்டுபோகாது என்பதுபோல் அழுத்திக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில், விரலுக்கு வெளியே நீண்டிருந்த படகின் பெயர் வெளிறி, கடலின் நீலத்தோடு கலந்துபோனது. அவளோ விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கை மரத்துப்போச்சு தம்பி. எடுத்துரட்டா?” “வேண்டாம்க்கா,” என்றான் அருள்வாசன். “அப்படியே வச்சிருங்க.”