மெட்டியை அறுக்கும்போது

நல்லம்மாளின் பாதங்கள் கன்னையாவின் மடியில் பொங்கிய மாவுபோல் கனத்துக் கிடந்தன.

விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அது நிரம்ப வெகுநேரம் ஆனது.

மூத்திரத்தைப் பிரிக்கும் குண்டிக்காய் இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்டு வருகின்றன என்று ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் சொல்லியிருந்தார். உப்பை நிறுத்தியாயிற்று. தண்ணீரை அளந்து கொடுத்தாயிற்று. கம்பளியால் போர்த்தி வியர்க்க வைத்தும் பார்த்தாயிற்று. காலையில் முகத்தில் இருக்கும் வீக்கம், மாலையில் காலுக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவுதான்.

இப்போது மெட்டிகள் சதைக்குள் புதைந்து, விரல்கள் நாவற்பழ நிறத்துக்கு வந்துவிட்டன. இன்றைக்கே அறுத்து எடுக்காவிட்டால் விரல் அழுகும், அழுகல் மேலே ஏறும் என்று டிரஸ்ஸர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தேங்காய் எண்ணெயும் நூலும் பலிக்கவில்லை. செந்தூல் ரயில் பட்டறையில் பிட்டராக இருந்த கன்னையா, மெல்லிய அரம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தான்.

அரத்தைப் பார்த்ததும் அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“நீங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கீங்க. இத எப்படிங்க கழட்டுறது? உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?”

“போட்டவனே கழட்டுறேன் புள்ள. எனக்கு என்ன ஆவப்போவுது?”

அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு காலை மெல்ல நீட்டினாள்.

“அறுத்து முடிக்கிறவரைக்கும் பேசிக்கிட்டே இருக்கணும். வாய மூடக்கூடாது.”

வலி தெரியாமல் இருக்கத்தான் பேச்சுக் கேட்கிறாள் என்று அவன் நினைத்தான்.

சதைக்கும் வெள்ளிக்கும் நடுவே மெல்லிய தகரப் பட்டையைச் செருகினான். அரம் ஓடத் தொடங்கியது. என்ன பேசுவது என்று யோசிக்கும் முன்பே வாயில் கல்யாணம் வந்து நின்றது.

பிரிக்பீல்ட்ஸ் கோயிலில், விடிந்தும் விடியாத நேரத்தில். வந்திருந்த சனம், பூசாரியைச் சேர்த்தாலும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அவள் கால் வைக்க அம்மி கேட்டிருந்தார்கள். தருவதாகச் சொல்லியிருந்த தெருக்காரர் ரெங்கசாமி வீட்டிலிருந்து, குழவி உடைந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். உடனே சிநேகிதன் பாலன் சூளைக்கு ஓடி, சூடு ஆறாத செங்கல் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். அதன்மேல் காலை வைத்தவள் துள்ளிய துள்ளலில் பூசாரியின் தட்டு கவிழ்ந்தது.

“குழவி உடைஞ்சா அம்மிக்கு என்னங்க கேடு?”

கதை இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் இப்படித்தான் கேட்பாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

அன்றைக்கு நல்ல மழை. மெட்டி போடக் கையில் ஏந்தியபோது, அந்தப் பாதம் அவன் உள்ளங்கைக்குள் அடங்கியது. செங்கல் தூள் ஒட்டி, மருதாணி இட்டதுபோல் சிவந்திருந்தது. மருதாணி இட்டுவிடத்தான் யாரும் வந்திருக்கவில்லை.

இரண்டாவது வெள்ளியும் அறுந்தது. குறடால் நெளித்து எடுத்தான். விரலைச் சுற்றி ஓர் ஆழமான வெள்ளைக் கோடு. அதில் இரத்தம் திரும்புகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

அவள் கண்களை இறுக மூடியிருந்தாள்.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டென்று பேச ஆரம்பித்தான். மழையைப் பற்றி, ரயிலைப் பற்றி, பட்டறைத் துரையின் தொப்பியைப் பற்றி, வாய்க்கு வந்ததையெல்லாம் அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி பேசினான்.

கிள்ளானில், அவளுடைய முதல் கல்யாணத்து மெட்டிகளைப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கழற்றியபோது, பக்கத்தில் கிடத்தியிருந்தவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.