புள்ளி வைத்தால் வரும்

"எவனோ திருட்டுப் பய உள்ள பூந்திருக்கான்," என்றார் மேனேஜர். ஆறு பேரும் எழுந்துவந்து அவர் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

பிரவுசருக்குள் புரோகிராமர்கள் கட்டளை அடித்துப் பார்க்கும் கன்சோலை ஆயுளில் ஒருநாளும் திறந்தவரில்லை அவர். இன்று பார்த்துத் திறந்திருக்கிறார். தேதிக் கணக்குக்கென்று ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் பிறவியிலேயே இருக்கும் 'டேட்'டை அடித்து ஒரு புள்ளி வைத்தால், அதற்குள் இருக்கும் பெயர்களையெல்லாம் கன்சோலே லிஸ்ட் போட்டு நீட்டும். அந்த லிஸ்ட்டில்தான் வினை.

"இல்லாத பேரு ரெண்டு வந்து உக்காந்திருக்கு. ஒண்ணு 'சம்மதமா'வாம். யாருகிட்ட கேக்குறான்?"

புள்ளி மெல்ல மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான். எந்தப் பெயரையும் மனப்பாடம் செய்யாமல், புள்ளி வைத்துவிட்டு லிஸ்ட்டுக்காகக் காத்திருக்கும் புரோகிராமர். அதனால் அந்தப் பட்டப்பெயர். 'சம்மதமா'வைப் போட்டவன் அவனேதான். டெஸ்டிங்கில் சின்னப் பிழையையும் விடாததால் பூதக்கண்ணாடி என்று பெயர் வாங்கியவளின் கண்ணில் படட்டும் என்று, சைட்டின் சோதனைக்கான பிரதியில் மட்டும் போட்டிருந்தான். நேரில் கேட்க நாக்கு எழவில்லை, பாவம்.

மூன்று வாரமாக அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மனம் விட்டுப்போய், லிஸ்ட்டை எட்டிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான். அழிக்கவும் மனம் வரவில்லை. நேற்று ராத்திரி மற்ற புது மாற்றங்களோடு சேர்ந்து அதுவும் வாடிக்கையாளர்கள் பார்க்கும் சைட்டுக்கே போய்விட்டது.

போட்டவனை உண்டு இல்லை என்று ஆக்கப்போவதாகச் சொன்ன மேனேஜர், எந்த வரியை யார் எழுதியது என்ற பதிவை எடுக்கும்படி பூதக்கண்ணாடியிடமே சொன்னார். திட்டு விழுந்தால் விழட்டும், அவள் வாயாலா தன் பெயர் வரவேண்டும் என்று புள்ளிக்கு அழுகையே வந்தது.

அவள் நிதானமாகப் பதிவைத் திறந்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"வெளியாள் யாருமில்ல சார். 'சம்மதமா' இவரு போட்டது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புள்ளி தரையைப் பார்த்தான்.

"இவனா? சரி, அப்ப அந்த இன்னொரு பேரு?"

அவள் குனிந்து விசைப்பலகையைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அது நேத்து நான் போட்ட பதில் சார்... 'சம்மதம்'னு."